ரிமோட் குழு நேரில் கூடுவதால் கிடைப்பது என்ன? செலவுக்குத் தகுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: பதினொரு பேர் கொண்ட மென்பொருள் குழு, நான்கு நாடுகளில் இருக்கிறார்கள், அலுவலகம் கிடையாது, வேலையும் பெரிதாகத் தடைபடவில்லை. ஆனாலும் எல்லோரையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஓரிடத்துக்கு வரவழைக்கலாம் என்று நினைக்கிறீர்கள். நிதிப் பிரிவோ, “தினமும்தான் வீடியோவில் முகம் பார்க்கிறீர்களே, இதற்கு எதற்குத் தனிச் செலவு?” என்கிறது. திரையால் தர முடியாத எதை நேர்ச்சந்திப்பு தருகிறது, தந்தது எத்தனை நாள் தாங்கும், போட்ட பணம் வீணாகாமல் எப்படி நடத்துவது என்ற மூன்றும் உங்கள் கேள்விக்குள் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் வேலை இன்னொருவர் வேலையோடு பின்னிக் கிடக்கும் குழுவுக்கு இந்தச் செலவு தகும். ஆனால் பலன் கூடியிருக்கும் இரண்டு மூன்று நாளில் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த நான்கைந்து மாதங்களில் அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதும் செய்திகளில் தெரியும். எதிராளி எழுதியதை, எழுதாமல் விட்டதை, சரியாகப் புரிந்துகொள்ளப் பழக்குவதுதான் நேர்ச்சந்திப்பின் முதல் வேலை. எப்படி நடத்துவது, எதை விடுவது என்பதெல்லாம் இதிலிருந்தே கிளைக்கும்.

கேத்தரின் கிராம்டன் என்ற ஆய்வாளர் வெவ்வேறு நாடுகளில் சிதறியிருந்த மாணவர் குழுக்களின் மின்னஞ்சல்களையும் அரட்டைப் பதிவுகளையும் துருவி 2001இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். குழுக்கள் எங்கே சறுக்கின என்று அவர் காட்டியது இன்றும் அப்படியே பொருந்துகிறது. தங்கள் ஊர் நிலவரத்தை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒரே தகவல் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. செய்தியில் எது முக்கியம் என்பதை எழுதியவர் ஒருமாதிரியும் படித்தவர் வேறுமாதிரியும் எடுத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும்விட, மௌனத்துக்குப் பொருள் சொல்வதில்தான் பெரிய குழப்பம். இரண்டு நாள் பதில் வரவில்லை என்றால் அதற்குச் ‘சரி’ என்று பொருளா, ‘எனக்கு உடன்பாடில்லை’ என்றா, ‘நான் விடுமுறையில் இருக்கிறேன்’ என்றா? பக்கத்து மேசைக்காரர் தாமதித்தால் அவர் மேசையில் குவிந்திருக்கும் வேலை நம் கண்ணில் படுகிறது. தொலைவில் இருப்பவர் தாமதித்தால் சூழ்நிலை தெரியாததால், ‘பொறுப்பில்லாத ஆள்’ என்று அவருடைய குணத்தின் மேல் பழி விழுகிறது. அப்படி ஒருமுறை முத்திரை விழுந்துவிட்டால் அடுத்து வரும் ஒவ்வொரு செய்தியும் அந்த முத்திரையின் வழியாகவே படிக்கப்படும்.

மூன்று நாள் கூடவே இருந்தவருக்கு இந்தச் சிக்கல் குறைகிறது. இவர் ஒற்றை வரியில் பதில் போடுவது கோபத்தால் அல்ல, பேச்சே அப்படித்தான். அவர் “பார்க்கலாம்” என்றால் முடியாது என்று பொருள். இன்னொருவர் காலை பதினொரு மணிக்கு முன் எதையும் எழுதமாட்டார், ஏனென்றால் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியவர் இருக்கிறார். இவற்றையெல்லாம் எந்த வீடியோ மீட்டிங்கிலும் யாரும் அறிவிப்பதில்லை. மீட்டிங் முடிந்த பிறகு, சாப்பாட்டு மேசையில், நடந்து போகும்போது வெளிப்படும் விஷயங்கள் இவை.

நம்பிக்கை பற்றிய ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எலெனா ரோக்கோ 1998இல் வெளியிட்ட சோதனையில், ஒத்துழைத்தால் எல்லோருக்கும் லாபம், ஏமாற்றினால் ஏமாற்றியவருக்கு மட்டும் லாபம் என்ற வகை விளையாட்டைக் குழுக்கள் ஆடின. மின்னஞ்சலில் மட்டும் பேசிய குழுக்களில் ஒத்துழைப்பு உடைந்தது. முன்னதாக ஒருமுறை நேரில் சந்தித்துவிட்டுப் பிறகு மின்னஞ்சலில் ஆடிய குழுக்களில் அது தாக்குப்பிடித்தது. ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு எழுத்தே போதும் என்ற வாதத்துக்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது. ஆனால் 2002இல் இதே வகைச் சோதனை ஒன்றில், நேரில் சந்திக்காமல் எழுத்து அரட்டையில் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவு ஒத்துழைத்தார்கள். 1999இல் ஜார்வென்பா, லைட்னர் இருவரும் செய்த ஆய்வோ, ஒருமுறைகூடச் சந்திக்காத சர்வதேசக் குழுக்களிலும் ஆரம்பத்திலேயே உற்சாகமாக எழுதி, சொன்ன நேரத்துக்குப் பதில் போட்டு வந்தால் நம்பிக்கை துளிர்க்கும் என்று காட்டியது; அந்த நம்பிக்கை சுலபமாக உடையக்கூடியது என்றும் சொன்னது. ஆக, ‘பார்க்காமல் நம்பிக்கையே வராது’ என்று நிதிப் பிரிவிடம் எழுதாதீர்கள், அது பொய். நேரில் பார்ப்பது குறைந்த நாளில் அதிக நம்பிக்கை தரும் வழி என்று எழுதலாம். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் மாணவர்களை வைத்து, சில மணி நேரமோ சில வாரமோ நடந்தவை. பத்தாண்டு அனுபவமுள்ள பொறியாளர்கள் அப்படியே நடந்துகொள்வார்கள் என்று உறுதி சொல்ல அவை போதாது.

புதிய யோசனைகளைப் பொறுத்தவரை சான்று இன்னும் வலுவானது. ‘நேச்சர்’ இதழில் 2022இல் வந்த ப்ரக்ஸ், லெவாவ் ஆய்வில், ஆய்வுக்கூடத்தில் 602 பேர் இருவர் இருவராக யோசித்தார்கள். அதோடு ஐந்து நாடுகளில் சுமார் 1,500 பொறியாளர்களிடமும் சோதனை நடந்தது. வீடியோவில் யோசித்த இணைகள் நேரில் யோசித்த இணைகளைவிடக் குறைவான யோசனைகளையே தந்தன. காரணமாக அவர்கள் சொல்வது சுவையானது: திரைமுன் கண் எதிராளியின் முகத்திலேயே நிலைகுத்திவிடுகிறது, அறையைச் சுற்றி மேய்வதில்லை, பார்வை குறுகும்போது சிந்தனையும் குறுகுகிறது. ஆனால் வந்த யோசனைகளில் சிறந்ததைப் பொறுக்கும் வேலையில் வீடியோ இணைகள் பின்தங்கவில்லை. இதை அப்படியே நிகழ்ச்சி நிரலாக மாற்றலாம்: யோசனைகளைப் பெருக்கும் வேலைக்கு நேர்ச்சந்திப்பைச் செலவிடுங்கள், பொறுக்குவதை ஊர் திரும்பியபின் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கூடுகைகளில் இது தலைகீழாக நடக்கிறது. முன்கூட்டியே தயாரான மூன்று திட்டங்களைத் திரையில் ஓட்டிக் கையைத் தூக்கச் சொல்கிறார்கள்.

இன்னொரு சான்று மைக்ரோசாப்ட் ஊழியர்களின் தரவு. 2020இன் முதல் பாதியில் அமெரிக்காவிலிருந்த 61,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் மின்னஞ்சல், மீட்டிங் பதிவுகளை ஆராய்ந்து அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். பெருந்தொற்றால் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியபின் தொடர்புகள் தத்தம் குழுவுக்குள் சுருங்கின; வெவ்வேறு பிரிவுகளை இணைக்கும் பாலங்கள் குறைந்தன; புதிய தொடர்புகள் முளைப்பது மந்தமானது. பெருந்தொற்றின் விளைவைத் தனியே பிரித்தெடுக்க ஆய்வாளர்கள் முயன்றிருந்தாலும், அது ஊரடங்கின் தொடக்க மாதங்கள் என்பதை நினைவில் வைத்துத்தான் படிக்க வேண்டும். உங்களுக்கு இதிலிருந்து வரும் பாடம் சிறியது, ஆனால் பயனுள்ளது: பதினொரு பேரை மட்டும் கூட்டாமல், நீங்கள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் பக்கத்துக் குழுவிலிருந்து ஒருவரையோ இருவரையோ சேர்த்து அழையுங்கள். உங்கள் பதினொரு பேருக்கிடையே ஏற்கெனவே இழைகள் உண்டு. மெலிந்து போவது வெளிப்பக்கத்து இழைகள்தான்.

எதை நிறுவ முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ‘கூடினால் உற்பத்தித்திறன் இத்தனை சதவீதம் உயரும்’ என்ற எண் எங்கு கண்டாலும் நம்பாதீர்கள். வேலையின் தன்மைக்கேற்ப விடை மாறும். சீனாவின் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தில் நடந்து 2015இல் வெளியான புகழ்பெற்ற சோதனையில், வீட்டிலிருந்து வேலை செய்த அழைப்பு மையப் பணியாளர்களின் செயல்திறன் 13 சதவீதம் உயர்ந்தது. அங்கே ஒவ்வொருவரும் தனித்தனியே அழைப்புகளைக் கையாண்டார்கள். பக்கத்தில் இருப்பவரை எதற்கும் எதிர்பார்க்கவில்லை. வாரத்தில் ஒருநாள் அலுவலகம் வந்ததும், சோதனை முடிந்தபின் பலர் தனிமை தாங்காமல் அலுவலகத்துக்கே திரும்ப விரும்பியதும் அதே ஆய்வில் உண்டு. மேற்கோள் காட்டுபவர்கள் இதை விட்டுவிடுவார்கள். உங்கள் பதினொரு பேரில் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டு மாத இறுதியில் ஒட்டினால் போதும் என்ற நிலை இருந்தால் கூடுகையின் பலன் குறைவு. ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் நாள்தோறும் தொட வேண்டியிருந்தால், தேவையே தெளிவில்லாமல் பேசிப் பேசி உருவாக்க வேண்டியிருந்தால், பலன் அதிகம்.

எழுத்தில் வேலை செய்வதில் உலகிலேயே தேர்ந்தவர்கள் என்றால் இணையத் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப், கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் போன்றவற்றில் இருப்பவர்கள்தான். அவர்களும் கூடுகிறார்கள். ஐஇடிஎஃப் 1986இல் தொடங்கியது; இப்போது ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது. கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் ஒன்றான டெபியன் 2000 முதல் மாநாடு நடத்துகிறது. அதே வகையான ஓப்பன்பிஎஸ்டி 1999இல் கனடாவின் கால்கரியில் பத்துப் பேர் அளவில் ஓரிடத்தில் உட்கார்ந்து நிரல் எழுதும் கூடுகையைத் தொடங்கியது. ஆனால் ஐஇடிஎஃபில் ஒரு விதி உண்டு: மின்னஞ்சல் பட்டியலில் பேசப்படாத விஷயம் ஒன்றில் நேர்ச்சந்திப்பின்போது முடிவு எட்டப்பட்டால், அது பட்டியலுக்குத் திரும்பி வந்து பரிசீலிக்கப்பட வேண்டும். அறையில் இருந்தவர்களின் உற்சாகம் அறையில் இல்லாதவர்களைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. உங்கள் குழுவுக்கும் இந்த ஒரு விதியைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு அடிக்கடி? மஸ்நெவ்ஸ்கி, சுடோபா இருவரும் மூன்று உலகளாவிய குழுக்களைத் தொடர்ந்து கவனித்து 2000இல் எழுதியதில், நன்றாக இயங்கிய குழுக்களுக்கு ஒரு தாளம் இருந்தது: சீரான இடைவெளியில் தீவிரமான நேர்ச்சந்திப்பு, இடையில் லேசான தொடர்பு. பிரச்சினை வெடிக்கும்போது மட்டும் கூடினால், கூடுவதே கெட்ட செய்தியின் அறிகுறியாகிவிடும். நடைமுறையில் ஒரு வாரக் கூடுகை ஒன்றைவிட, ஆறு மாத இடைவெளியில் மும்மூன்று நாள் இரண்டு மேலானது. நான்காம் நாளில் களைப்பு மிஞ்சும். ஆறு மாதம் தாண்டினால் பழக்கம் நீர்த்துப்போகும், அதற்குள் புதிதாக வந்து சேர்ந்தவர்கள் அந்நியராகவே இருப்பார்கள். குழு புதிது என்றால் முதல் கூடுகை தொடங்கிய இரண்டு மாதத்துக்குள் நடக்கட்டும். தவறான முத்திரைகள் விழுவது அந்தக் காலத்தில்தான். பணம் ஒருமுறைக்குத்தான் உண்டு என்றால், பெரிய திட்டம் ஒன்றின் தொடக்கத்தில் வையுங்கள். வெற்றியைக் கொண்டாடும் கூடுகை இனிமையாக இருக்கும், ஆனால் அது சரிசெய்வதற்கு எதுவும் மிச்சம் இருக்காது.

இடத்தைத் தேர்வதில் எல்லோரும் வரைபடத்தின் நடுப்புள்ளியைத் தேடுகிறார்கள். அதைவிட ஓர் அட்டவணை போடுங்கள்: வரிசையில் ஆட்கள், பத்தியில் நான்கைந்து ஊர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வீட்டு வாசலிலிருந்து விடுதி வாசல்வரை ஆகும் மணி, விமானம் மாற வேண்டிய எண்ணிக்கை, விசா வேண்டுமா, கிடைக்க எத்தனை வாரம் என்று நிரப்புங்கள். யாராவது ஒருவருக்கு விசா கிடைப்பது சந்தேகம் என்றால் அந்த ஊரை அப்போதே அடித்துவிடுங்கள். மிஞ்சியவற்றில் சராசரிப் பயணத்தைப் பார்க்காமல், மிக நீண்ட பயணம் எந்த ஊருக்குக் குறைவு என்று பாருங்கள். சராசரி எட்டு மணி என்று பெருமையாகச் சொல்லும் ஊரில் ஒருவர் இருபத்தாறு மணி நேரம் பயணித்திருப்பார், அவர்தான் ஒவ்வொரு முறையும் அப்படிப் பயணிப்பவராக இருப்பார். நேர மண்டல மாற்றத்துக்கு உடல் பழக ஏறத்தாழ ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒருநாள் பிடிக்கும். கிழக்கு நோக்கிப் பயணித்தால் இன்னும் சிரமம். ஏழெட்டு மணி வித்தியாசத்திலிருந்து வருபவருக்கு ஒருநாள் முன்னதாகவே அறை போடுங்கள். அதைச் சலுகை என்று நினைக்க வேண்டாம்; தூங்கி வழிபவரை அறையில் உட்காரவைத்துச் செலவழிப்பதைவிட அது மலிவு.

தேதியைப் பதினாறு வாரத்துக்கு முன்பே உறுதி செய்யுங்கள். அதற்கடுத்த வாரத்தில் விசாவுக்கான அழைப்புக் கடிதங்கள் போக வேண்டும். பல நாடுகள் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கும். இதைக் கடைசி வாரத்தில் கண்டுபிடிப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள், ஆகவே முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கூட்டத்துக்கு வருவது பல நாடுகளில் விதிமீறல். வணிகப் பார்வையாளர் விசாவிலும் மீட்டிங் அனுமதி, சம்பள வேலை அனுமதி இல்லை என்ற வேறுபாடு உண்டு. இதை அந்தந்த நாட்டு விதியோடு ஒப்பிட்டுச் சட்ட ஆலோசகர்தான் சொல்ல வேண்டும். பொதுவான பதில் கிடையாது. டிக்கெட்டையும் விடுதியையும் நிறுவனமே நேரடியாகக் கட்டட்டும். ‘நீங்கள் கட்டிவிட்டு ரசீது அனுப்புங்கள், அடுத்த மாதம் தருகிறோம்’ என்றால் சம்பளம் குறைந்தவருக்கும், கிரெடிட் கார்டு வரம்பு சிறியவருக்கும் அது கடன். அறை ஆளுக்கொன்று. இதில் மிச்சம் பிடிப்பவர்கள் அடுத்த கூடுகைக்கு ஆள் வராததைப் பார்த்து வியப்பார்கள்.

செலவுக் கணக்கில் பயணம், தங்கல், உணவு, கூட்ட அறை, விசா, காப்பீடு எல்லாம் போட்டபின் பத்து முதல் பதினைந்து சதவீதம் எதிர்பாராததற்கு ஒதுக்குங்கள். நிதிப் பிரிவு பார்க்காத செலவு ஒன்று உண்டு: மூன்று நாள் கூடுகை, இரண்டு நாள் பயணம், பதினொரு பேர் என்றால் 55 ஆள்-நாட்கள். மாதத்துக்கு 22 வேலை நாள் என்று கொண்டால் ஒருவரின் இரண்டரை மாத உழைப்பு. இதை நீங்களே எழுதிக் காட்டுங்கள். அவர்கள் கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது நல்லது, அந்த மூன்று நாளில் எதை வைக்கக் கூடாது என்பதையும் அந்த எண்ணே உங்களுக்கு நினைவூட்டும்.

நிகழ்ச்சி நிரலுக்கு ஒரே சோதனை: இதை எழுதி அனுப்பியிருந்தால் போதுமா? போதும் என்றால் எழுதி அனுப்பிவிடுங்கள். காலாண்டு நிலவர அறிக்கை, தலைமையின் உரை, புதிய கருவியின் செயல்விளக்கம் எல்லாம் இதில் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது மூன்று வகை: நெடுநாளாக எழுத்தில் இழுபடும் கருத்து வேறுபாடு, தெளிவில்லாத புதிய வேலையின் தொடக்கம், ஒருவரையொருவர் அறிவது. பேச வேண்டிய பெரிய கேள்விகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கப் பின்னணிக் குறிப்பு ஒரு வாரம் முன்பே எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். ஒரு அமர்வு தொண்ணூறு நிமிடம், ஒருநாளைக்குக் கனமான அமர்வு இரண்டு, நடுவில் நீண்ட இடைவெளி. காலை எட்டு முதல் இரவு பத்து வரை நிரப்பிய அட்டவணையைப் பார்த்தால் ‘செலவுக்கு நியாயம் செய்கிறோம்’ என்று தோன்றும். உண்மையில் சாப்பாட்டு மேசையில் நடக்க வேண்டியதை அது கொன்றுவிடுகிறது.

முதல் காலையில் ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்து, அவரவர் சாதாரண வேலைநாள் எப்படி ஓடுகிறது என்று சொல்லச் சொல்லுங்கள்: எந்த நேரத்தில் உட்காருகிறார், எது குறுக்கிடுகிறது, எந்த வகைச் செய்திக்கு உடனே பதில் போடுவார், எதைத் தள்ளிப்போடுவார், யாருடைய அனுமதிக்குக் காத்திருக்கிறார். பதினொரு பேருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். கிராம்டன் சுட்டிய ‘சொல்லப்படாத நிலவரம்’ இப்படித்தான் வெளியே வரும். அந்த அரைநாளில் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். யோசனை அமர்வில் முதல் பதினைந்து நிமிடம் எல்லோரும் தனியே, பேசாமல் எழுதட்டும். கூட்டாகப் பேசி யோசிப்பதைவிடத் தனித்தனியே யோசித்துச் சேர்ப்பது அதிக யோசனைகள் தரும் என்பது 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையிலிருந்து திரும்பத் திரும்பக் காணப்பட்ட உண்மை. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருப்பது முக்கியக் காரணம். எழுதி முடித்தபின் இருவர் இருவராகப் பேசி விரிக்கலாம்.

தனிச் சந்திப்புகளுக்கு ஒரு கணக்கு உண்டு. பதினொரு பேரில் 55 இணைகள் அமையும். ஒரு சுற்றில் ஐந்து இணைகள் பேச, ஒருவர் ஓய்வெடுப்பார். எல்லா இணைகளும் முடிய பதினொரு சுற்று. சுற்றுக்கு முப்பது நிமிடம் என்றால் ஐந்தரை மணி நேரம், ஏறக்குறைய ஒரு முழுநாள். அவ்வளவு வேண்டாம். ஒருவருக்கொருவர் நேரடியாக எழுதாமல் உங்கள் வழியாகவே பேசிக்கொள்ளும் இணைகளைப் பட்டியலிடுங்கள். பத்துப் பதினைந்து தேறும். அவர்களுக்கு மட்டும் நேரம் ஒதுக்கி, இருவரும் சேர்ந்து செய்ய வேண்டிய உண்மையான ஒரு சிறு வேலையைக் கையில் கொடுங்கள். ‘பழகிக்கொள்ளுங்கள்’ என்று எதிரெதிரே உட்காரவைத்தால் பெண் பார்க்க வந்த வீடு மாதிரி ஆகிவிடும்.

அறையில் இருக்க வேண்டியவை சொற்பம்: எல்லோரும் வட்டமாக அமரும் ஒரு பெரிய அறை, இருவர் மூவர் ஒதுங்க இரண்டு சிற்றறைகள், எழுதிக் கிழிக்கப் பெரிய தாள்கள், கை எட்டும் இடத்தில் மின் இணைப்புகள். விடுதி வைஃபையை நம்பாமல் மாற்று இணைப்பு ஒன்று வைத்திருங்கள். மறக்கப்படும் ஏற்பாடு ஒன்று: வாடிக்கையாளர் சேவையை யார் கவனிப்பது? எல்லோரும் கூடியிருக்கும்போதுதான் சர்வர் படுக்கும். அரைநாளுக்கு ஒருவர் என்று முறைவைத்து, அவரை அந்த அமர்விலிருந்து வெளிப்படையாக விடுவித்துவிடுங்கள். இல்லையென்றால் பதினொரு பேரும் ஒரு கண்ணை மடிக்கணினியில் வைத்தபடி இருப்பார்கள். மென்பொருளின் புதிய பதிப்பு எதையும் அந்த வாரத்தில் வெளியிடாமல் இருப்பது இன்னும் பாதுகாப்பு.

வர முடியாத ஒருவர் எப்போதும் இருப்பார். அவரைத் திரையில் இணைத்து, மூலையில் வைத்துவிட்டு மறந்துபோவதுதான் வழக்கமாக நடப்பது. அறைக்குள் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் அவருக்கு எதுவும் கேட்காது. பலகையில் எழுதியது தெரியாது. இடைவேளையில் நடந்த பேச்சு அவருக்குப் போகவே போகாது. இரண்டு அமர்வை மட்டும் தேர்ந்து, அந்நேரம் அறையிலிருப்பவர்களும் ஆளுக்கொரு மடிக்கணினியில் ஹெட்போனோடு இணையட்டும். மற்ற அமர்வுகளின் சாரத்தை ஒருவர் பொறுப்பெடுத்து அன்று மாலையே தொலைபேசியில் சொல்லட்டும். இராச் சாப்பாட்டில் எடுத்த முடிவு முடிவே அல்ல, மறுநாள் எல்லோர் முன்னிலும் வைத்தால்தான் செல்லும் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். குடிக்காதவர்கள், சீக்கிரம் தூங்குபவர்கள், கூட்டத்தில் ஒருநாள் இருந்தால் மறுநாள் தனிமை தேவைப்படுபவர்கள் இவர்கள்தான் அந்த முடிவுகளிலிருந்து விடுபட்டுப்போகிறவர்கள். மூன்றில் ஒரு மாலையாவது முழுக்க அவரவர் விருப்பத்துக்கு இருக்கட்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் விழுவது போன்ற கட்டாய விளையாட்டுகள் தேவையில்லை. சேர்ந்து நடப்பதும் சேர்ந்து சாப்பிடுவதும் போதும். ஆட்குறைப்பு, பணி மதிப்பீடு போன்ற செய்திகளை இந்த மேடையில் சொல்லவே கூடாது. ஒருமுறை சொன்னால் அடுத்த அழைப்பிலிருந்து எல்லோரும் வயிற்றில் புளி கரைய விமானம் ஏறுவார்கள்.

கடைசி நாளின் கடைசி இரண்டு மணி நேரம் எழுதுவதற்கு. ஒவ்வொரு முடிவுக்கும் என்ன, ஏன், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்ற நான்கும் அங்கேயே எழுதப்பட வேண்டும். ‘ஏன்’ என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஆறு வாரம் கழித்து விவாதம் மறுபடி முளைப்பது அதனால்தான். ஊர் திரும்பிய நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் குறிப்புகள் பொது இடத்தில் இருக்க வேண்டும், ஒரு வாரம் ஆட்சேபங்களுக்குத் திறந்திருக்க வேண்டும்.

பலனை அளக்க, கடைசி நாள் ‘பிடித்திருந்ததா?’ படிவம் உதவாது. அந்த மனநிலையில் எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போடுவார்கள். கூடுகைக்கு ஆறு வாரம் முன்பும் ஆறு வாரம் பின்பும் உங்கள் கருவிகளில் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளை ஒப்பிடுங்கள்: எழுதிய நிரலைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கைக்கு முதல் பதில் வர ஆகும் நேரம், மேலாளரைத் தொடாமல் நேரடியாக எழுதிக்கொண்ட இணைகளின் எண்ணிக்கை, தீர்ந்ததாக மூடப்பட்டு மறுபடி திறக்கப்பட்ட முடிவுகள். தனிநபர் பெயரில் பார்க்காதீர்கள், குழுவாக மட்டும் பாருங்கள். கண்காணிப்பு என்று தோன்றிவிட்டால் நம்பிக்கைக்காகச் செய்த செலவு அங்கேயே கரையும். ஆறாம் வாரத்தில் ஒரே கேள்வி கேட்கலாம்: முன்பு எழுதத் தயங்கியிருக்கக்கூடிய யாருக்காவது கடந்த இரண்டு வாரத்தில் நேரடியாக எழுதினீர்களா? பதினொரு பேரை வைத்து எதையும் புள்ளியியல்படி நிரூபிக்க முடியாது, அதே வாரங்களில் வேறு மாற்றங்களும் நடந்திருக்கும். திசை தெரியும், அவ்வளவுதான்.

சில நிலைகளில் கூட்டாமல் இருப்பதே நல்லது. யார் எதை முடிவு செய்வது என்ற தெளிவில்லாததால் வரும் சண்டை நேரில் கூடினால் தீராது; மூன்று நாள் அடங்கியிருந்துவிட்டு மறுவாரம் திரும்ப வரும். எதையும் எழுதிவைக்கும் பழக்கம் இல்லாத குழுவுக்கும் முதல் மருந்து அந்தப் பழக்கம்தான். விசா கிடைக்கவே வாய்ப்பில்லாத ஓரிருவர் நிரந்தரமாக விடுபடுவார்கள் என்றால், இரண்டு சிறு வட்டாரக் கூடுகைகள் வைத்து, பயணிக்கக் கூடிய ஓரிருவர் இரண்டிலும் கலந்துகொள்ளலாம். பணமே கிடைக்காவிட்டால், 2002 சோதனை காட்டிய வழி இருக்கிறது: வாரம் ஒருமுறை, இணை மாற்றி மாற்றி, வேலை பேசாத இருபத்தைந்து நிமிட உரையாடல். புதிதாகச் சேர்பவரை முதல் மாதத்தில் ஒரு வாரம் மூத்தவர் ஒருவரின் ஊருக்கு அனுப்புவது முழுக் கூடுகையின் செலவில் சிறு பகுதிதான். பலனில் பெரும் பகுதி அந்த ஒருவருக்குக் கிடைத்துவிடும்.

நிதிப் பிரிவுக்கு ஒரே பக்கம் எழுதுங்கள். குழு ஒற்றுமை, உற்சாகம் போன்ற சொற்களை விட்டுவிட்டு, இழுபறியில் இருக்கும் மூன்று முடிவுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றும் எத்தனை வாரமாக இழுக்கிறது, அதனால் எந்த வேலை நிற்கிறது என்று போடுங்கள். 55 ஆள்-நாள் கணக்கையும் சேருங்கள். ஆறு மாத இடைவெளியில் இரண்டு கூடுகைக்கு அனுமதி கேளுங்கள்; முதலாவது முடிந்த ஆறு வாரத்தில் மேலே சொன்ன மூன்று அளவுகளிலும் அசைவே இல்லையென்றால் இரண்டாவதை நீங்களே ரத்து செய்வதாக எழுதிக் கொடுங்கள். அதற்கேற்ப, இரண்டாம் கூடுகைக்குத் திரும்பப்பெற முடியாத முன்பணம் எதையும் அந்த ஆறு வாரம் முடியும்வரை கட்டாதீர்கள்.